நாயின்ட கருமுட்டையை ஃப்ரீஸ் பண்ணலாமா எண்டு கேட்டுப் போனம், கிருலப்பனை கிளினிக்கில கிடைச்ச பதில்

கிளினிக் இருக்கிறது கிருலப்பனைப் பக்கம், ஹைலெவல் ரோட்டில இருந்து உள்ளுக்குப் போற ஒரு ஒழுங்கையில. 138 பஸ்ஸில வந்தா இறங்கி அஞ்சு நிமிஷ நடைதான், ஆனா நாயோட பஸ்ஸில வர ஏலாது தானே, நாங்கள் வெள்ளவத்தையில இருந்து ஒவ்வொரு தரமும் ஓட்டோ பிடிச்சுத்தான் போனனாங்கள். மொத்தமா நாலு தரம். 5க்கு 5 குடுக்கிறன். நாங்கள் கேட்டுப் போன வேலையை டொக்டர் செய்து தரேல்லை, செய்ய ஏலாது எண்டு முதல் நாளே சொல்லிப்போட்டார், அந்தப் பதிலுக்குத்தான் இந்த 5. பேர் போட வேண்டாம் எண்டு அவரே கேட்டவர், இப்பவே வாற ஆக்களைப் பார்த்து முடிக்க இரவு ஒம்பது மணி ஆகுதாம், அதால பேரில்லாமல் எழுதுறன். இடத்தை விட அங்க எங்களுக்கு விளங்கப்படுத்தின விஷயம்தான் கன பேருக்கு உதவும் எண்டு நினைக்கிறன், ஏனெண்டா நாயின்ட முட்டையை எடுத்து ஃப்ரீஸ் பண்ணி வைச்சுத் தாறம் எண்டு காசு வாங்கிற இடமும் கொழும்புக்குள்ள இருக்கு, நாங்களே காசு கட்டினனாங்கள்.

சுட்டி எங்கட வீட்டுப் பிள்ளை. ஏழரை வயசு. பாதி பொமரேனியன், மற்றப் பாதி என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கொட்டாஞ்சேனையில அப்பாவோட வேலை செய்த ஒரு அங்கிள் வீட்டில பிறந்தது, அப்பா ஒரு நாள் பின்னேரம் சவர்க்காரப் பெட்டி ஒண்டுக்குள்ள வைச்சுக் கொண்டு வந்தவர். ஃப்ளாட்டில நாயா எண்டு அம்மா ரெண்டு நாள் அப்பாவோட கதைக்கேல்லை, மூண்டாம் நாள் அம்மாதான் பாணைப் பாலில ஊறப்போட்டுக் குடுத்தவ. வலது காது நேரா நிக்கும், இடது காதின்ட நுனி மட்டும் மடிஞ்சு கிடக்கும், அப்பா அந்த மடிஞ்ச நுனியைப் பிடிச்சுத்தான் கூப்பிடுவார். அப்பா போன வருஷம் கார்த்திகையில தவறிட்டார். இப்பவும் ரேடியோவில ஆறேகால் செய்தி தொடங்கினா சுட்டி எழும்பிப் போய் அப்பாவின்ட கதிரைக்குக் கீழ படுக்கும், செய்தி முடிய எழும்பி வரும். இதை ஏன் எழுதுறன் எண்டா, ஒரு ஊர் நாய்க்கு ஏன் இவ்வளவு செலவு, செல்லக் கடையில வேற ஒண்டு வாங்கலாமே எண்டு எங்களைக் கேட்ட ஆக்கள் இருக்கினம். வேற ஒண்டு எங்களுக்கு வேண்டாம், சுட்டியின்ட குட்டி ஒண்டுதான் வேணும் எண்டு இருந்தது.

மாசி மாசம் குளிப்பாட்டேக்க அம்மாவின்ட கையில ஒரு கட்டி தட்டுப்பட்டது, பின்பக்கத்து முலைக்குக் கிட்ட, ஒரு கச்சான் பருப்பு அளவு. பக்கத்தில வழமையாக் காட்டுற டொக்டர் பார்த்திட்டு, கட்டியை வெட்டி லாப்புக்கு அனுப்ப வேணும், வெட்டினாத்தான் கூடாத கட்டியா இல்லையா எண்டு தெரியும், வெட்டேக்கயே கருப்பையையும் சூலகத்தையும் சேர்த்து எடுக்கிறது நல்லம், இந்த வயசில பெட்டை நாய்க்கு கருப்பையில சீழ் வைக்கிற வருத்தம் வரக்கூடும் எண்டார். குட்டி ஒண்டு எடுத்திட்டுச் செய்யலாமா எண்டு கேட்டனான். முதல் தரம் குட்டி போட ஏழரை வயசு பிந்திப் போச்சு, கட்டியோட அதை யோசிக்கவே கூடாது எண்டு சொல்லிட்டார். சரி தானே, அவர் சொன்னதில பிழை இல்லை, ஆனா அண்டைக்கு ஓட்டோவில திரும்பி வரேக்க அம்மா ஒரு வார்த்தையும் கதைக்கேல்லை.

கனடாவில ஸ்காபரோவில இருக்கிற அண்ணாதான் அண்டைக்கு இரவு வாட்ஸ்அப்பில ஒரு லிங்க் அனுப்பினவர், நாய்க்கு டெஸ்ட் டியூப் குட்டி பிறந்தது எண்டு. அண்ணாவின்ட ஃப்ரெண்டின்ட மனுசி தன்ட முட்டையை ஃப்ரீஸ் பண்ணி வைச்சு 39 வயசில பிள்ளை பெத்தவ, அதே மாதிரி சுட்டியின்ட சூலகத்தை எடுக்கேக்க முட்டையை எடுத்து வைச்சிட்டா பிறகு வேற ஒரு பெட்டை நாயில வைச்சுக் குட்டி எடுக்கலாம் தானே எண்டு அண்ணா கேட்டார். எங்களுக்கு அது அவ்வளவு ஞாயமாப் பட்டது. எடுத்து எறியப் போற சூலகம், அதுக்குள்ள முட்டை இருக்கு, முட்டையை மட்டும் எடுத்து வைக்கிறதில என்ன கஷ்டம் எண்டுதான் எல்லாருக்கும் படும்.

அப்பிடித் தேடேக்கதான் முதல் இடம் கிடைச்சது. எந்த இடம் எண்டு சொல்லேல்லை. ஃபோனில கேட்டவுடனயே செய்யலாம் எண்டினம். நேர போனா ஒரு பேப்பரில பக்கேஜ் எழுதித் தந்தினம், முட்டை எடுத்து ஃப்ரீஸ் பண்ண 185,000, பிறகு வருஷத்துக்கு 24,000 வாடகை மாதிரி, பத்து வருஷம் வைக்கலாமாம். 25,000 அட்வான்ஸ் கட்டினனாங்கள். கட்டின பிறகுதான் அம்மா கேட்டா, தம்பி இதை எங்க வைப்பீங்கள், எங்களுக்குக் காட்டலாமா எண்டு. பின்னுக்கு ஒரு சின்ன அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போச்சினம். ஐஸ்கிரீம் கடையில இருக்குமே வெள்ளைப் பெட்டி ஃப்ரீசர், அதுதான். மூடியைத் திறந்தா ஒரு பக்கம் ஐஸ் பக்கெட்டுகள், மற்றப் பக்கம் என்னவோ மருந்துப் பெட்டிகள், மூடிக்குக் கீழ சின்ன டிஸ்ப்ளேயில மைனஸ் 18 எண்டு காட்டுது. அம்மா என்னைப் பார்த்தா. 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாளில எங்கட வீட்டு ஃப்ரீசரில இருந்த மீன் எல்லாம் பழுதாப் போய் அம்மா கொண்டுபோய்க் கொட்டினவ, அது மாதிரி ஒரு நாள் வந்தா என்ன செய்வீங்கள் எண்டு கேட்டதுக்கு ஜெனரேட்டர் இருக்கு எண்டினம். எங்க எண்டு கேட்டதுக்குப் பதில் இல்லை. அட்வான்ஸைத் திருப்பித் தரேல்லை, நாலு தரம் ஃபோன் பண்ணினன், இப்ப ஃபோன் எடுக்கிறதே இல்லை. அந்த 25,000 அம்மா சீட்டுப் பிடிச்சுச் சேர்த்த காசு, அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

கிருலப்பனை கிளினிக்கைச் சொன்னது நாய் ஷோவுக்குப் போற ஒரு அக்கா, எங்கட லேனிலதான் இருக்கிறா. வெளிநாட்டில இருந்து கொண்டு வாற ஃப்ரோசன் செமனை, அதாவது உறைய வைச்ச விந்தை, வைச்சு நாய்க்குச் சினைப்படுத்துற ஆக்களில அந்த டொக்டரும் ஒராள், முட்டை விஷயம் அவரிட்டக் கேளுங்கோ எண்டா.

டொக்டர் சிங்கள ஆள், திருகோணமலையில கன காலம் வேலை செய்தவராம், தமிழ் தண்ணி மாதிரிக் கதைப்பார். பேராதனையில படிச்சவர், இலங்கையில மிருக வைத்தியம் படிக்கிறதெண்டா அந்த ஒரு இடம்தானே. முதலில சுட்டியை மேசையில ஏத்தி வடிவாப் பார்த்தார், கட்டியை மட்டும் பார்க்காமல் பத்து முலையையும் ஒவ்வொண்டா விரலால தடவி, இன்னொரு சின்னக் கட்டியும் கண்டுபிடிச்சார், பயறு அளவு, முதல் பார்த்தவர் கவனிக்காதது. பிறகுதான் இருந்து கதைச்சவர். நாப்பது நிமிஷம். கன்சல்டேஷன் 2,500 மட்டும்தான் எடுத்தவர்.

அவர் சொன்னதை என்ட பாஷையில எழுதுறன், பிழை இருந்தா அது நான் விளங்கிக்கொண்டதில இருக்கிற பிழை. முதல் வார்த்தையே, தங்கச்சி, பொம்பிளையளுக்குச் செய்யிறதை நாய்க்கும் அப்பிடியே செய்யலாம் எண்டு நினைக்காதேங்கோ, நாயின்ட முட்டை வேற சாதி எண்டார். மனுசரில முட்டை சூலகத்தை விட்டு வெளிய வரேக்கயே பழுத்து வரும், வந்த உடன கரு தரிக்கலாம். நாயில அப்பிடி இல்லை. காயாத்தான் விழும். விழுந்து, சூலகத்தில இருந்து கருப்பைக்குப் போற குழாய்க்குள்ள ரெண்டு மூண்டு நாள் இருந்துதான் பழுக்கும், பழுத்த பிறகுதான் விந்து உள்ள போய்க் கரு உண்டாகும். அதாலதான் இயற்கையில கடுவன்ட விந்து பெட்டையின்ட வயித்துக்குள்ள நாள் கணக்கில உயிரோட காத்திருக்கும் எண்டார். மாங்காயைப் பிடுங்கி வைக்கோலுக்குள்ள வைச்சுப் பழுக்க வைப்பம் தானே, நாயின்ட முட்டைக்கு அந்த வைக்கோல் குழாய்தான், அந்தக் குழாய்க்குள்ள என்னென்ன நடக்குது எண்டதை அப்பிடியே ஒரு கண்ணாடித் தட்டில செய்து காட்டுறது பெரிய பெரிய லாப்புகளுக்கே கஷ்டமா இருக்கு, தட்டில வைச்சா அதில கனக்க முட்டை பழுக்காமலே போயிடும். சுட்டியின்ட சூலகத்தை வெட்டி எடுத்தா உள்ளுக்க ஆயிரக்கணக்கில முட்டை இருக்கும், ஆனா எல்லாம் காய். எடுத்து வைச்சாலும் பிறகு பழுக்க வைக்க ஒரு வழி வேணும்.

அப்ப ஹோர்மோன் ஊசி போட்டுப் பழுக்க வைக்கலாமே எண்டு நான் கேட்டன், பொம்பிளையளுக்கு அப்பிடித்தானே செய்யினம். நாய்க்கு அந்த ஊசியை நம்ப ஏலாதாம், பொம்பிளையளுக்கும் மாட்டுக்கும் வேலை செய்யிற மாதிரி நாய்க்கு வேலை செய்யாது, மாசா மாசம் சக்கரமும் இல்லை, ஆறு ஏழு மாசத்துக்கு ஒருக்காத்தான் ஹீட்டுக்கு, அதாவது இணை சேருற பருவத்துக்கு, வரும், அந்த ஒரு தரத்தையும் தவற விட்டா அடுத்த ஆறு மாசம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிறகு ப்ரிஸ்கிரிப்ஷன் பேப்பரின்ட பின்பக்கம் பேனையால ரெண்டு வட்டம் கீறினார். ஒண்டுக்குள்ள வெறுமையா விட்டு, இது மனுச முட்டை எண்டார், மைக்ரோஸ்கோப்பில கண்ணாடி மாதிரித் தெளிவாத் தெரியுமாம். மற்றதை முழுக்கக் கறுப்பாக் கிறுக்கினார், பேப்பர் கிழியிற அளவுக்கு. இது சுட்டியின்ட முட்டை. ஒரு மில்லிமீட்டரில பத்தில ஒரு பங்குதான் சைஸ், ஆனா உள்ளுக்க முழுக்கக் கொழுப்புத் துளி, வெளிச்சமே ஊடுருவாத மாதிரிக் கறுத்துக் கிடக்கும். குளிராக்கேக்க அந்தக் கொழுப்புத்தான் முதல் பிரச்சினை தரும். அதோட காய் முட்டையைச் சுத்தி ஒரு கூட்டம் சின்னச் செல்லுகள் ஒட்டிக்கொண்டு இருக்கும், அதுகள் முட்டைக்குச் சாப்பாடு குடுக்கிற ஆயம்மா மாதிரி, ஃப்ரீஸ் பண்ணி எடுக்கேக்க அந்த இணைப்பு அறுந்து போனா முட்டை பழுக்கிறது இன்னும் கஷ்டமாயிடும்.

ஃப்ரீஸ் பண்ணுறது எண்டா என்னெண்டு அம்மாவுக்கு விளங்கப்படுத்தினது எனக்கு மறக்காது. அம்மா, தக்காளிப்பழத்தை ஃப்ரீசரில வைச்சு எடுத்தா எப்பிடி இருக்கும் எண்டு கேட்டார். கொழகொழ எண்டு தண்ணி விட்டுப் போயிடும் எண்டா அம்மா. அதுதான், உள்ளுக்க இருக்கிற தண்ணி ஐஸ் ஆகேக்க ஊசி ஊசியா வரும், அது தக்காளியின்ட அறைகளைக் குத்திக் கிழிச்சுப் போடும், முட்டைக்கும் அதேதான் எண்டார். அப்ப மனுச முட்டையை எப்பிடி வைக்கினம் எண்டு அம்மா கேட்டதுக்கு, நீங்கள் கரமல் புடிங் செய்வீங்கள் தானே எண்டு கேட்டார். சீனியை உருக்கி அச்சில ஊத்தினா உடன கண்ணாடி மாதிரி இறுகுது, பாகை மெதுவா ஆறவிட்டா கல்கண்டு பூத்துப் போகுது. முட்டையையும் அந்தக் கண்ணாடி மாதிரி இறுக்க வேணும், கல்கண்டு பூக்க விடக்கூடாது. அதுக்காக முட்டைக்குள்ள இருக்கிற தண்ணியை இழுத்தெடுத்து எதிலீன் கிளைகோல், டிஎம்எஸ்ஓ எண்டு ஐஸ் பூக்க விடாத ரெண்டு இரசாயனச் சாமானும் சீனியும் சேர்ந்த ஒரு கரைசலில விட்டு, ஒரு துளியிலும் சின்னத் துளியா ஒரு மெல்லிய கீலத்தில எடுத்து, கண் மூடித் திறக்க முந்தி மைனஸ் 196 பாகையில இருக்கிற திரவ நைதரசனுக்குள்ள முக்கிறது. இதுக்கு விட்ரிஃபிகேஷன் எண்டு பேராம். அந்தக் கரைசலே கூட நேரம் இருந்தா முட்டைக்கு நஞ்சு, குறைஞ்ச நேரம் இருந்தா ஐஸ் பூத்திடும், அதால நிமிஷக் கணக்கில செய்யிற வேலை. மைனஸ் 18 பெட்டிக்குள்ள வைக்கிறது எண்டா அது தக்காளிதான் அம்மா எண்டார். அம்மா அந்த இடத்திலயே 25,000ஐ மறந்திட்டா எண்டு நினைக்கிறன், முகத்தில அப்பிடி ஒரு தெளிவு.

அண்ணா அனுப்பின லிங்கையும் காட்டினன். அவருக்கு அது நல்லாத் தெரிஞ்சிருந்தது. 2015 ஜூலையில அமெரிக்காவில கோர்னெல் பல்கலைக்கழகத்தில ஏழு குட்டி பிறந்தது உண்மை, உலகத்திலேயே முதல் தரம் நாய்க்கு உடம்புக்கு வெளியில கரு உண்டாக்கி எடுத்த குட்டிகள் அதுகள்தான், பத்தொம்பது கருவை ஒரு பெட்டையில வைச்சு ஏழு கிடைச்சது, சிலது பீகிள் இனம், சிலதுக்குத் தகப்பன் கொக்கர் ஸ்பானியல் இனம். மனுசரில முதல் டெஸ்ட் டியூப் பிள்ளை 1978இல பிறந்தது, நாய்க்கு அதே வேலை சரிவர 37 வருஷம் பிந்தினது, ஏன் எண்டா இந்தக் காய் முட்டைதான். கோர்னெல்காரர் என்ன செய்தவை எண்டா, முட்டையை வழமையா எடுக்கிற நேரத்தில எடுக்காமல் இன்னும் ஒரு நாள் குழாய்க்குள்ளயே விட்டுப் பழுக்க வைச்சு எடுத்தவை, விந்து வைச்ச கரைசலில மக்னீசியம் சேர்த்தவை. இங்க ஒண்டைக் கவனியுங்கோ எண்டு பேனையால மேசையில தட்டினார், அவை ஃப்ரீஸ் பண்ணினது முட்டையை இல்லை, கரு உண்டான பிறகு கருவைத்தான். ஃப்ரீஸ் பண்ணி வைச்சு, சுமக்கிற பெட்டையின்ட உடம்பு தயாரான நாளில உருக்கி வைச்சவை. நாயின்ட விந்தை ஃப்ரீஸ் பண்ணிக் குட்டி எடுத்தது 1969இலயே நடந்தது, கருவும் பிறகு சரிவந்தது, முட்டைதான் இந்த மூண்டிலயும் கஷ்டமானது, ஆராய்ச்சி நடக்குது, ஆனா காசு கட்டிச் செய்விக்கிற ஒரு வழமையான சேவையா அது இன்னும் வரேல்லை. ஆபிரிக்கக் காட்டு நாய் மாதிரி அழிஞ்சு போற இனங்களைக் காப்பாத்தத்தான் இந்த வேலைக்கு இவ்வளவு பேர் மினக்கெடுகினம் எண்டும் சொன்னவர், அதைக் கேட்கேக்க எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமா இருந்தது.

குளோனிங் பற்றியும் கேட்டனான், கேக்காமல் வந்தா அண்ணா விடமாட்டார். குளோன் பண்ண சுட்டியின்ட முட்டை தேவையில்லை, தோலில ஒரு சின்னத் துண்டு காணும், அந்தச் செல்லை ஃப்ரீஸ் பண்ணி வைக்கலாம். அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தன்ட நாயை அப்பிடிச் செய்வித்தவ. ஆனா அதுக்கு வேற பெட்டை நாய்களை ஒப்பரேஷன் பண்ணி முட்டை எடுக்க வேணும், வேற பெட்டைகள் சுமக்க வேணும். 2005இல தென்கொரியாவில சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில முதல் குளோன் நாய் ஸ்னப்பி பிறக்கேக்க 1,095 கருவை 123 பெட்டையில வைச்சவை, பிறந்தது ரெண்டு, அதில ஒண்டு 22 நாளில செத்துப் போச்சு. இப்ப முன்னேறியிருக்கு, ஆனா இப்பவும் மற்றப் பெட்டைகளின்ட உடம்பிலதான் இது நடக்குது எண்டார். அதைக் கேட்ட பிறகு எங்களுக்கு அந்த யோசனை முழுக்க விட்டுப் போச்சு. சுட்டிக்காக இன்னொரு வீட்டுச் சுட்டியை வெட்டுறதுக்கு அம்மா ஒரு நாளும் சம்மதிக்க மாட்டா.

இந்த இடத்தில டாங்க் பற்றி எழுத வேணும். செமன் வைக்கிற டாங்க் எப்பிடி இருக்கும் எண்டு நான்தான் கேட்டனான், முதல் இடத்தில பார்த்த பெட்டி மனசில இருந்தபடியால. ஒப்பரேஷன் அறைக்குப் பக்கத்தில கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பால் கான் மாதிரி ஒரு அலுமினியச் சாடி, முழங்காலுக்கு மேல உயரம், கழுத்து ஒடுங்கினது. வயர் இல்லை, பிளக் இல்லை. கரண்ட் போனாலும் அதுக்கு ஒண்டும் ஆகாது, சுவருக்குள்ள வெற்றிடம், உள்ளுக்க திரவ நைதரசன், அவ்வளவுதான். ஆனா அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போய்க்கொண்டே இருக்கும், நிரப்பாமல் விட்டா எல்லாம் போச்சு. அங்க உதவிக்கு நிக்கிற தம்பி ஒரு கறுப்பு அளவு கோலை மெதுவா உள்ளுக்க விட்டு, கொஞ்ச நேரம் வைச்சு வெளியில எடுத்து, காத்தில ரெண்டு தரம் ஆட்டினார். கோலில கீழ்ப்பக்கம் வெள்ளையாப் பனி பூத்து வந்தது, அந்தப் பனி எங்க முடியுதோ அதுதான் நைதரசனின்ட மட்டம். சுவரில ஒரு கொப்பித் தாள் ஒட்டியிருக்கு, திகதி, எத்தினை சென்டிமீட்டர், ஆர் பார்த்தது எண்டு மூண்டு நிரல், நான் பார்த்த வரைக்கும் ஒரு கிழமையும் விடுபடேல்லை. மூடியைத் திறக்கேக்க வெள்ளைப் புகை வழிஞ்சு நிலத்தில ஓடினது, சுட்டி மூக்கை நீட்டிட்டுப் பின்னுக்குப் போச்சு. உள்ளுக்க ஸ்ட்ரோ எண்டு சொல்லுற மெல்லிய குழாய்களுக்குள்ள நாய் விந்து, ஒவ்வொண்டிலயும் கடுவன்ட பேரும் திகதியும் அச்சடிச்சிருக்கு. உங்களுக்கு ஆராவது இப்பிடி எதையாவது வைச்சுத் தாறம் எண்டு சொன்னா, முதலில அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கோ.

ஒப்பரேஷனை இங்கயே செய்விச்சம், ரெண்டு கிழமை கழிச்சு. ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்த பிறகுதான் திகதி தந்தவர், கட்டி நெஞ்சுக்குப் பரவியிருக்கோ எண்டு பார்க்கவாம். ரெண்டு கட்டி, கருப்பை, சூலகம் எல்லாத்துக்கும் சேர்த்து 58,000, லாப் காசு புறிம்பா. காலமை எட்டு மணிக்குக் குடுத்து, மத்தியானம் ஒண்டரைக்கு எழும்பிட்டுது எண்டு வாட்ஸ்அப்பில வீடியோ அனுப்பினவை. தையலை நக்காமல் இருக்க கழுத்தில போடுற பிளாஸ்டிக் கூம்பு சுட்டிக்குப் பெரிசாப் போச்சு, நடக்கேக்க கதவில எல்லாம் இடிச்சுக்கொண்டு அழுதது, அடுத்த நாள் சொல்ல துணியில தைச்ச ஒண்டை சும்மாவே மாத்தித் தந்தவை.

எடுத்த சூலகத்தை நான் பார்க்கக் கேட்டனான். ஏன் எண்டு டொக்டர் கேக்கேல்லை. ஒரு ஸ்டீல் தட்டில வைச்சுக் கொண்டு வந்து, சுத்தியிருந்த கொழுப்பை இடுக்கியால பிரிச்சுக் காட்டினார். கொழுப்புப் பைக்குள்ள மறைஞ்சிருந்தது, உள்ளுக்க கச்சான் பருப்பை விடக் கொஞ்சம் பெரிசு, இளஞ்சிவப்பு, மேல சின்னச் சின்ன மேடு. அதுக்குள்ளதான் எங்கட குட்டிகள் எல்லாம் இருந்தது எண்டு நினைக்கேக்க அழுகை வந்திட்டுது. டொக்டர் தட்டைக் கையில பிடிச்சபடி அப்பிடியே நிண்டவர், நான் காணும் எண்டு சொல்லும் வரைக்கும் எடுக்கேல்லை. லாப் ரிப்போட் பன்னிரண்டு நாளில வந்தது, ரெண்டு கட்டியும் கூடாத கட்டி இல்லை.

குறை இல்லாமல் இல்லை. வாகனம் நிப்பாட்ட இடமே இல்லை, ஒழுங்கையில ஒரு கார் நிண்டா மற்றது போகேலாது. பின்னேரம் போனா ஒண்டரை மணித்தியாலம் நிக்க வேணும், நம்பர் குடுக்கிற முறை இல்லை, ஆர் முதல் வந்தது எண்டு ஆக்கள்தான் தங்களுக்குள்ள கேட்டுக்கொள்ளுறது. பூனையும் நாயும் ஒரே அறையில இருக்கு, பூனை வைச்சிருக்கிற ஆக்கள் காலமை ஏழரைக்கு முந்திப் போங்கோ. கார்ட் எடுக்க மாட்டினம், காசாக் கொண்டு போக வேணும். மருந்துப் பேர் எழுதுற எழுத்து விளங்காது, அங்கயே கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ. ஃப்ரோசன் செமன் வைச்சுச் செய்யிறதுக்குப் போற ஆக்கள் ஹீட் தொடங்கின முதல் கிழமையிலயே கூட்டிக்கொண்டு போங்கோ, ப்ரொஜெஸ்டரோன் எண்ட ஹோர்மோனுக்கான ரத்தப் பரிசோதனையை ரெண்டு மூண்டு நாளுக்கு ஒருக்கா எடுத்து நாள் பார்ப்பார், உருக்கின விந்து கிட்டத்தட்ட ஒரு நாள்தான் தாங்குமாம், முட்டை பழுக்கிற நேரத்துக்குச் சரியா விட வேணும், பிந்திப் போய் நிண்டா அவராலயும் ஒண்டும் செய்ய ஏலாது.

கடைசியா ஒண்டு. தையல் வெட்டப் போன நாளில டொக்டர் கேட்டார், சுட்டியோட கூடப் பிறந்ததுகள் இருக்கோ எண்டு. எங்களுக்கு அது ஒரு நாளும் யோசனைக்கு வரேல்லை. கூடப் பிறந்ததுகளுக்கு சராசரியாப் பாதி மரபணு ஒண்டா இருக்கும், கடுவன் எண்டா ஏழு எட்டு வயசிலயும் குட்டிக்கு விடலாம், முட்டையும் வேண்டாம் டாங்கும் வேண்டாம், ஒரு நல்ல இளம் பெட்டை இருந்தாக் காணும், முதலில கடுவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பரிசோதிச்சுப் பார்ப்பம் எண்டார். அப்பாவின்ட பழைய ஃபோன் கொப்பியில கொட்டாஞ்சேனை அங்கிளின்ட நம்பரைத் தேடி எடுத்தம். மூண்டு குட்டியில ஒண்டு செத்துப் போச்சாம், ஒண்டு சுட்டி, மற்றதை அவை வீட்டிலயே வைச்சிருக்கினம், கடுவன், பேர் பாபு. கொண்டு வாறதெண்டா வாங்கோ பிள்ளை, அப்பாவின்ட நாய்தானே எண்டு அங்கிள் சொன்னவர். அம்மா உடன முறை பார்க்கத் தொடங்கிட்டா, தமையன்ட பிள்ளையள் எண்டா சுட்டிக்கு மருமக்கள், அப்ப எனக்குப் பேரப்பிள்ளையள்தான் எண்டு.

போன ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனம். கேற்றைத் திறக்க முந்தியே பாபு குலைச்சுக்கொண்டு ஓடி வந்தது, மண்ணிறம், சுட்டியை விடக் கொழுப்பு. வலது காது நேரா நிக்குது. இடது காது நுனி மடிஞ்சிருக்கு. அம்மா குனிஞ்சு அந்த நுனியைப் பிடிச்சா, அது சத்தத்தை நிப்பாட்டிட்டு அப்பிடியே நிண்டது. வாற சனிக்கிழமை காலமை ஏழரைக்கு கிளினிக்கில நேரம் எடுத்திருக்கிறம்.